சொட்டு நீர் வால்வுக்கு ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் போட்டால் கொதிக்கிறது, வால்வும் சரியாகத் திறக்கவில்லை

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் என்றாலே மழை கொட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி. போர்வெல் தண்ணீரை நம்பித்தான் தென்னை நிற்கிறது. அதனால் சொட்டு நீருக்கு மாறி, மூன்று பாத்திக்கு மூன்று சொலினாய்டு வால்வு (மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வால்வு) வைத்து, நேரம் பார்த்துத் தானாகத் திறந்து மூட ஒரு போர்டு செய்திருக்கிறேன்.

சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்). வால்வு ஒவ்வொன்றும் 12 வோல்ட், 5 வாட். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). கேட் (ஆன், ஆஃப் செய்யும் கால்) நேராக ஈஎஸ்பி பின்னுக்குப் போகிறது, சோர்ஸ் கிரவுண்டுக்கு, டிரெயின் வால்வுக்கு. வால்வு காயில் அணையும்போது வரும் உதையை வாங்க, அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறது. ஈஎஸ்பி32-க்கு 7805 (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஐசி) வழியாக 5 வோல்ட்.

முதல் வால்வு ஒழுங்காகத் திறக்கிறது. இரண்டாவது அரைகுறை. மூன்றாவதில் ‘டக்’ என்ற சத்தமே வரவில்லை. இரண்டாவது மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடியாத சூடு. 33 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கிறது, நான் எடுப்பது அரை ஆம்பியர் கூட இல்லை. கோயம்புத்தூரில் வாங்கினேன். போலிச் சரக்காக இருக்குமோ? 7805-ம் சுடுகிறது, அது தனிக் கதை.

நகரி_தறி

போலி என்று முடிவு கட்டும் முன் இரண்டு அளவு எடுத்துச் சொல்லுங்கள். வால்வு ஆன் ஆக வேண்டிய நேரத்தில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே எத்தனை வோல்ட், டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே எத்தனை வோல்ட். மூன்றிலும் எடுங்கள். பேட்டரி வோல்டேஜும் சொல்லுங்கள்.

தோப்புக்காரன்

பேட்டரி 12.6. கேட்டில் மூன்றிலும் 3.3. டிரெயின் – சோர்ஸ்: முதலாவது 0.6 வோல்ட், இரண்டாவது 4.1, மூன்றாவது 10.8.

நகரி_தறி

உங்கள் மாஸ்ஃபெட் நல்ல சரக்கு என்றுதான் இந்த எண்கள் சொல்கின்றன. மூன்றுமே டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொன்னபடிதான் நடந்துகொள்கின்றன.

ஐஆர்எஃப்540என்-க்கு ஆன் ரெசிஸ்டன்ஸ் 44 மில்லிஓம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே வரியில் சின்னதாக ஒரு நிபந்தனை இருக்கும்: கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால். நீங்கள் கொடுப்பது 3.3. அந்த 33 ஆம்பியரும் அப்படித்தான், கேட்டில் 10 வோல்ட், உறையின் சூடு 25 டிகிரியில் பிடித்து வைத்த நிலையில் சொன்ன எண். உங்கள் மோட்டார் ஷெட்டில் அந்த நிலை எந்நாளும் வராது.

அடுத்தது திரெஷோல்டு வோல்டேஜ். இந்த மாடலுக்கு 2 முதல் 4 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பலர் ‘2 வோல்ட்டில் ஆன் ஆகிவிடும், நம்மிடம் 3.3 இருக்கிறதே’ என்று நினைத்துவிடுகிறார்கள். திரெஷோல்டு என்பது 250 மைக்ரோஆம்பியர், அதாவது கால் மில்லிஆம்பியர் ஓடத் தொடங்கும் இடம். முழுதாக ஆன் ஆகும் இடம் அதற்கு வெகுதூரம் மேலே. உங்கள் முதல் மாஸ்ஃபெட்டின் திரெஷோல்டு அந்த 2 – 4 வரம்பின் கீழ்முனைப் பக்கம் இருக்கிறது, அதனால் தப்பித்தது. மூன்றாவதின் திரெஷோல்டு 3.3-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் கதவே திறக்கவில்லை. ஒரே கடை, ஒரே பெட்டி என்றாலும் இப்படி வரும்.

சூட்டுக்குக் கணக்கு. 12 வோல்ட் 5 வாட் வால்வு என்றால் காயில் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 29 ஓம். இரண்டாவதில் வால்வுக்குக் கிடைப்பது 8.5 வோல்ட், கரண்ட் 0.3 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதை 4.1-ஆல் பெருக்குங்கள், 1.2 வாட். ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 உறைக்கு (உங்கள் மாஸ்ஃபெட்டின் உறை வகை) வாட்டுக்கு 62 டிகிரி ஏறும். 75 டிகிரி ஏற்றம், அதன் மேல் ஷெட் வெப்பம். விரல் எப்படி வைப்பது? மூன்றாவதில் கரண்டே 0.06 ஆம்பியர்தான், அதனால் அது இரண்டாவது அளவுக்குக் கொதிக்காது. பாதி திறந்து நிற்கும் மாஸ்ஃபெட்தான் அதிகம் சாகும்.

மாற்றாக ஐஆர்எல்இசட்44என் போடுங்கள். நடுவில் ‘எல்’ வந்தால் லாஜிக் லெவல் வகை, அதாவது கேட்டில் சின்ன வோல்டேஜ் கொடுத்தாலே ஆன் ஆகும் வகை. திரெஷோல்டு 1 முதல் 2 வோல்ட். 5 வோல்ட் கேட்டில் 25 மில்லிஓம், 4 வோல்ட்டில் 35 மில்லிஓம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: 3.3-க்கு அந்த டேட்டாஷீட்டில் உறுதியான எண் கிடையாது. அரை ஆம்பியர் வால்வுக்கு இது தாராளமாகப் போதும், 10 ஆம்பியர் மோட்டாரை இதே 3.3-இல் ஓட்ட நினைத்தால் நம்பாதீர்கள். சின்ன எஸ்எம்டி வகையைச் சால்டர் செய்யக் கை பழகியிருந்தால் ஏஓ3400ஏ நல்லது, அதற்கு 2.5 வோல்ட்டிலேயே ரெசிஸ்டன்ஸ் உறுதி உண்டு. 30 வோல்ட்தான் தாங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் கட்டாயம். ஈஎஸ்பி ரீஸ்டார்ட் ஆகும்போது பின்கள் அந்தரத்தில் நிற்கும், கேட் அப்போது எந்த வோல்டேஜில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவே 220 ஓம்.

ரேடியோ_மாமா (குமுளி)

தம்பி, நகரிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நாலைந்து வால்வைத் திறந்து மூட மாஸ்ஃபெட்தான் வேண்டும் என்று இல்லை. டிப்122 டார்லிங்டன் (உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த வகை) எந்தக் கடையிலும் கிடைக்கும். பேஸுக்கு 1 கிலோஓம் போட்டு 3.3 வோல்ட்டில் நேராக ஓட்டலாம். பேஸ் – எமிட்டர் 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதியில் 1.9 மில்லிஆம்பியர் பேஸ் கரண்ட். கெயின் (கரண்டைப் பெருக்கும் மடங்கு) ஆயிரம் அளவில் இருப்பதால் உங்கள் 0.4 ஆம்பியருக்குத் தாராளம். முழுதாக ஆன் ஆன நிலையில் (சாச்சுரேஷன்) ஒரு வோல்ட் போல விழும், அதனால் 0.4 வாட் சூடு. வால்வுக்கு 11.6 வோல்ட் கிடைக்கும், அதற்கு இது போதும். பேட்டரியைச் சிக்கனமாகப் பார்க்க வேண்டும் என்றால் மாஸ்ஃபெட், இல்லாவிட்டால் இது.

யூஎல்என்2003 (பல டார்லிங்டன் ஒன்றாக உள்ள ஐசி) போடச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரு சானலுக்கு 500 மில்லிஆம்பியர் என்று முன்பக்கத்தில் இருக்கும். ஆனால் 3 வோல்ட் இன்புட்டில் 300 மில்லிஆம்பியர் வரைக்கும்தான் அது உறுதி தருகிறது. ரிலேவுக்கு அருமையான ஐசி. உங்கள் வால்வுக்கு எல்லை தாண்டுகிறது.

பழைய போர்டில் கழற்றிய டிரான்சிஸ்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிசி547 தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பழைய ஜப்பான் ரேடியோவில் வரும் சி945, சி1815 எமிட்டர், கலெக்டர், பேஸ். உருவம் ஒன்றுதான், கால் வேறு. படத்தை நம்பாமல் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். என்பிஎன் என்றால் சிவப்புக் கம்பியை ஒரு காலில் வைத்து, கறுப்பை மற்ற இரண்டிலும் வைத்தால் இரண்டு பக்கமும் 0.6, 0.7 காட்டும் கால் பேஸ். அந்த இரண்டில் கொஞ்சம் அதிகம் காட்டுவது எமிட்டர். வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான், கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும். கலெக்டரையும் எமிட்டரையும் மாற்றிப் போட்டாலும் டிரான்சிஸ்டர் ஏதோ வேலை செய்வது போல இருக்கும், கெயின் மட்டும் அடிமட்டம். தலைகீழாகப் போட்ட பேஸ் – எமிட்டர் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 வோல்ட் சர்க்யூட்டில் அது நிலைக்காது.

மூணாறு_மாணவி

அண்ணா, ஒரு சந்தேகம். 540-ஐயே வைத்துக்கொண்டு, கேட்டை 10 கிலோஓமில் 12 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டு, ஈஎஸ்பி ஒரு பிசி547-ஐ ஓட்டினால் கேட்டுக்கு முழு 12 வோல்ட் கிடைக்கும் இல்லையா? புதிதாக மாஸ்ஃபெட் வாங்க வேண்டாமே. எங்கள் ஊரில் கடை கிடையாது, ஒரு பார்ட்ஸ் வேண்டுமென்றால் எர்ணாகுளம் பள்ளிமுக்கு வரைக்கும் போக வேண்டும். அதனால் கையில் இருப்பதை வைத்தே யோசிக்கிறேன்.

நகரி_தறி

வேலை செய்யும், ஆனால் நீர்ப்பாசனத்துக்கு அது ஆபத்தான அமைப்பு. பிசி547 ஆன் ஆனால் கேட் கீழே போகும், ஆஃப் ஆனால் 12-க்கு ஏறும். தலைகீழ். புரோகிராமில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பீர்கள். ஈஎஸ்பி செத்துப் போனாலோ, ரீஸ்டார்ட் ஆகும் அந்த நொடியிலோ, 5 வோல்ட் செத்தாலோ பிசி547 ஆஃப். உடனே மூன்று வால்வும் திறந்துகொள்ளும். தோப்பில் ஆள் இல்லாத இரவில் போர்வெல் தண்ணீர் முழுவதும் ஓடிவிடும். எது கெட்டாலும் வால்வு மூடியே இருக்க வேண்டும், முதலில் அதைத் தீர்மானித்துவிட்டுத்தான் டிரான்சிஸ்டரைத் தேட வேண்டும்.

540-ஐ விட மனம் இல்லை என்றால் இரண்டு டிரான்சிஸ்டர் போடுங்கள். ஈஎஸ்பி ஒரு பிசி547-ஐ ஓட்டட்டும், அதன் கலெக்டர் 4.7 கிலோஓம் வழியாக ஒரு பிசி557-இன் (பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்) பேஸை இழுக்கட்டும். 557-இன் எமிட்டர் 12 வோல்ட்டில், கலெக்டர் கேட்டில், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். 557-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம். இப்போது பின் ஏறினால் கேட் ஏறும், எது செத்தாலும் கேட் கீழே. கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, சோலார் பேட்டரி 14.4 வரை ஏறினாலும் கவலை இல்லை.

இன்னொன்று, ஈஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரை உள்ள பின்கள் உள்ளே வாங்க மட்டும்தான், அவற்றில் வால்வு ஓடாது. 0, 2, 5, 12, 15 பூட் ஆகும்போது படிக்கப்படும் பின்கள், அவற்றையும் வால்வுக்குக் கொடுக்க வேண்டாம்.

மூணாறு_மாணவி

ரீஸ்டார்ட் நேரத்தை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. 557 இருக்கிறது, இன்றே பிரெட்போர்டில் போட்டுப் பார்க்கிறேன். இங்கே இருக்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்லலாம்: மழை மாதங்களில் எல்லாப் போர்டும் ஈரம் பிடிக்கும். சால்டரிங் ஃபிளக்ஸைத் துடைக்காமல் விட்டால் அதுவும் ஈரமும் சேர்ந்து கேட் பக்கம் கசிவு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மேலே வார்னிஷ் அடிப்பேன். கனெக்டர் வாயில் மட்டும் வார்னிஷ் படக்கூடாது.

நகரி_தறி

உங்களுக்கு ஈரம், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்தில் மார்கழி, தையில் காய்ந்த காற்று. காய்ந்த காற்றில்தான் உடம்பில் ஸ்டேட்டிக் சேரும். தோப்புக்காரர் மாஸ்ஃபெட்டைக் கையில் எடுக்கும் முன் கிரவுண்ட் ஆன இரும்பைத் தொட்டுவிடுவது நல்லது. கேட்டில் இருக்கும் ஆக்சைடு படலம் ஒரு தடவை ஓட்டை விழுந்தால் முடிந்தது. அதைவிடக் கொடுமை, பாதி சேதமாகிச் சில வாரம் ஓடிவிட்டுப் பிறகு சாவது.

குப்பம்_ரயில்

7805 சூட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். 7805 அதிகப்படி வோல்டேஜை முழுவதும் சூடாக்கித்தான் தள்ளும். பேட்டரி சார்ஜில் இருக்கும்போது 13.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.5 வோல்ட் மிச்சம். ஈஎஸ்பி32 வைஃபையோடு சராசரி 150 மில்லிஆம்பியர் எடுத்தால் 1.3 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் வாட்டுக்கு 65 டிகிரி, 83 டிகிரி ஏற்றம். பங்குனி, சித்திரையில் தகரக் கூரை ஷெட்டுக்குள் 40 டிகிரி இருந்தால் உள்ளே 120-ஐத் தாண்டும். 125-தான் எல்லை. உள்ளே தெர்மல் ஷட்டவுன் இருப்பதால் எரியாது, ஆனால் ஈஎஸ்பி நடுவில் செத்துச் செத்துப் பிழைக்கும். அப்புறம் புரோகிராமில் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

7805 1 ஆம்பியர் தரும் என்று சொல்வார்கள், அதுவும் நல்ல ஹீட்சிங்க் இருந்தால்தான். பேட்டரியில் ஓடும் போர்டுக்கு எல்எம்2596 பக் மாட்யூல் (அதிகச் சூடில்லாமல் வோல்டேஜைக் குறைப்பது) வாங்கி, முதலில் லோடு இல்லாமல் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டு, அதன் பிறகு ஈஎஸ்பியை இணையுங்கள். திருகாமல் இணைத்தால் 12 வோல்ட்டே உள்ளே போகக்கூடும்.

7805 தான் வேண்டும் என்றால் இன்புட்டில் 0.33 மைக்ரோஃபாரட், அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட், இரண்டும் காலுக்கு ஒட்டி. ஒரே ஹீட்சிங்கில் பல ஐசி மாட்டுகிறவர்கள் கவனிக்க: 7805-இன் உலோக முதுகு கிரவுண்ட், 7905-க்கு முதுகு இன்புட், எல்எம்317-க்கு அவுட்புட், டிப்122-க்கு கலெக்டர். மைக்கா தாள் இல்லாமல் மாட்டினால் ஷார்ட்.

தோப்புக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பக் மாட்யூலும் ஐஆர்எல்இசட்44என்-ம் வாங்கப் போகிறேன். ஒரு கேள்வி பாக்கி. கடைசி வால்வு ஷெட்டிலிருந்து 60 மீட்டர். துலாவர்ஷத்தில் (ஐப்பசி மழையில்) மதியத்துக்கு மேல் இடி தினமும் உண்டு. அந்த நீள வயர் போர்டை அடித்துவிடுமா? டயோடை வால்வுப் பக்கம் வைப்பதா, போர்டுப் பக்கமா? 4007 மெதுவான டயோடு என்று படித்தேன், அதையும் மாற்ற வேண்டுமா?

ரேடியோ_மாமா (குமுளி)

4007 மெதுவானதுதான் தம்பி. ஆன் நிலையிலிருந்து ஆஃப் நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். காலையில் ஒரு தடவை திறந்து மூடும் வால்வுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. கிலோஹெர்ட்ஸ் கணக்கில் வெட்டுகிற பிடபிள்யூஎம் (வேகமாக ஆன், ஆஃப் செய்து அளவைக் கூட்டிக் குறைப்பது), பக் கன்வெர்ட்டர், இவற்றில் போட்டால்தான் டயோடும் சூடாகும், மாஸ்ஃபெட்டும் அடி வாங்கும். அங்கே 1என்5819, 1என்5822 மாதிரி ஷாட்கி (வேகமான டயோடு). வெள்ளைக் கோடு பேட்டரியின் பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் மாஸ்ஃபெட் ஆன் ஆன உடனே ஷார்ட்.

நீள வயர் என்றால் டயோடைப் போர்டில் வையுங்கள். வயருக்கும் இண்டக்டன்ஸ் உண்டு, காயிலுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால் வயரில் வரும் உதை மாஸ்ஃபெட்டுக்கு வரும். இரண்டு இடத்திலும் வைத்தாலும் கெடுதல் இல்லை. வயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு எடுங்கள். போக வர 120 மீட்டருக்கு 2 ஓம் சொச்சம், 0.4 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்குள் விழும். 0.5 எடுத்தால் இரண்டு வோல்ட் பக்கம் போகும், பேட்டரி இறங்கிய நேரத்தில் வால்வு திறக்காது.

இடிக்கு: போர்டு டெர்மினலில் ஒவ்வொரு வால்வு லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பி6கேஇ18ஏ டிவிஎஸ் டயோடு. 15 வோல்ட் வரை சும்மா இருக்கும், சர்ஜ் வந்தால் 25 வோல்ட் அளவில் பிடித்துக்கொள்ளும். ஐஆர்எல்இசட்44என் 55 வோல்ட் தாங்கும், அதனால் அது பிழைக்கும். பக்கத்து மரத்தில் விழுந்த இடியின் எதிரொலியைத்தான் இது தடுக்கும். நேராக விழுகிற இடியை எந்த டயோடும் நிறுத்தாது. ஐப்பசி மாதத்தில் வானம் கறுத்தால் வால்வு வயர் சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். அதனால் எல்லா வயரையும் ஒரே கனெக்டரில் கொண்டு வருவது நல்லது.

நகரி_தறி

தோப்புக்காரரே, வாங்கியதைச் சால்டர் செய்யும் முன் ஒரு சோதனை. காம்பொனன்ட் டெஸ்டர் யாரிடமாவது இருந்தால் மாஸ்ஃபெட்டை மாட்டிப் பாருங்கள், கேட் கெப்பாசிட்டன்ஸும் திரெஷோல்டும் காட்டும். ஐஆர்எல்இசட்44என் என்றால் திரெஷோல்டு 1 முதல் 2-க்குள் வர வேண்டும், கெப்பாசிட்டன்ஸ் நானோஃபாரட் கணக்கில். திரெஷோல்டு 3-க்கு மேல் காட்டினால் வேறு சரக்கின் மேல் பெயரை அடித்து விற்றிருக்கிறார்கள். நான் சென்னை ரிட்சி தெருவில் வாங்கினாலும் இதைச் செய்துவிட்டுத்தான் போர்டில் ஏற்றுவேன். டெஸ்டர் இல்லையென்றால் வால்வையே லோடாக வைத்து, கேட்டுக்கு 3.3 கொடுத்து டிரெயின் – சோர்ஸ் அளங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

தோப்புக்காரன்

மாற்றிவிட்டேன். டெஸ்டரில் திரெஷோல்டு மூன்றுக்கும் 1.6, 1.7 பக்கம். வால்வு ஆன் நிலையில் டிரெயின் – சோர்ஸ் மூன்றிலும் 0.02 வோல்ட்டுக்குள். மாஸ்ஃபெட் ஜில்லென்று இருக்கிறது. கடைசி வால்வுக்கு முனையில் 11.7 வோல்ட் வருகிறது. பக் மாட்யூலும் சூடு இல்லை. டிவிஎஸ் கிடைக்க வேண்டும், வந்ததும் போட்டுவிடுவேன்.

கழற்றிய 540 மூன்றும் கையில் இருக்கின்றன. எதற்காவது ஆகுமா?

நகரி_தறி

நிச்சயம் ஆகும். கேட்டுக்கு 10 வோல்ட் கிடைக்கும் எந்த இடத்திலும் அது நல்ல மாஸ்ஃபெட். 12 வோல்ட்டில் ஓடும் 555 டைமர் ஐசியின் அவுட்புட் 10.5 வரை ஏறும், அதிலிருந்து நேராகக் கேட்டுக்குக் கொடுத்தால் ஷெட் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம். கொதித்துப் போன இரண்டாவதை மட்டும் முதலில் சோதியுங்கள். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து வைத்து, டிரெயினில் 12 வோல்ட் கொடுத்தால் கரண்ட் ஓடக்கூடாது.

மூணாறு_மாணவி

557 வைத்த சர்க்யூட் வேலை செய்கிறது அண்ணா. ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன், வால்வு திறக்கவே இல்லை. அந்த 555 யோசனையில் எல்இடிக்குப் பதில் 12 வோல்ட் ஃபேன் போடலாமா?

நகரி_தறி

தாராளமாக. இரண்டு வயர் மட்டும் உள்ள மோட்டார் ஃபேனாக இருந்தால் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே 1என்5822 போடுங்கள், 4007 வேண்டாம். கம்ப்யூட்டரில் கழற்றிய பிரஷ்லெஸ் ஃபேன் என்றால் உள்ளே தனி சர்க்யூட் இருக்கும், சப்ளையை வெட்டினால் ஒழுங்காகச் சுற்றாது. நான்காவது வயர் இருந்தால் அதில்தான் பிடபிள்யூஎம் கொடுக்க வேண்டும், அதற்கு மாஸ்ஃபெட்டே தேவையில்லை, ஒரு பிசி547 போதும்.